நாற்பத்து நான்காம் பக்கத்து ஆமை

செத்தவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் தேதியம்மாவின் உத்தியோகம். கேட்பதற்கு ஏதோ சுடுகாட்டு வேலை போல இருக்கும். ஆனால் அவள் உட்கார்ந்திருந்தது ஒரு பெரிய நூலகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலோரத்து மேஜையில், காகிதக் கட்டுகளுக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டருக்கும் நடுவில். அந்த நாட்டுச் சட்டப்படி, ஒரு புத்தகத்தை எழுதியவர் இறந்து ஐம்பது ஆண்டு ஆகிவிட்டால் அந்தப் புத்தகம் எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், படமாக எடுக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். ஆகவே எழுதியவர் எப்போது இறந்தார் என்று யாராவது துப்புத் துலக்க வேண்டும். அந்த யாராவதுதான் அவள். பிறந்தபோது வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் தேதியம்மா.

வேலை சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். பெரும் புகழோடு வாழ்ந்தவர்களுக்குச் சிலையின் அடியிலேயே தேதி செதுக்கியிருக்கும். அது கணக்கில் சேராது. ஒரே ஒரு தோட்டக்கலைப் புத்தகம் எழுதிவிட்டு ஓய்ந்துபோனவர், பள்ளிக்கூடத்துக்காக நாலு நாடகம் எழுதிய கணக்கு வாத்தியார், தையல் கற்றுக்கொடுக்கப் புத்தகம் போட்ட தையல்காரி, இவர்களெல்லாம் எந்த ஆண்டு கண்ணை மூடினார்கள் என்று அவர்களுடைய பேரன்களுக்கே தெரியாது. தேதியம்மா பழைய செய்தித்தாள்களைப் புரட்டுவாள், மரணப் பதிவேடுகளைக் கேட்டு எழுதுவாள், வீடு வீடாகப் போன் செய்வாள். "உங்க தாத்தா எப்போ இறந்தார்?" என்று கேட்டு அவள் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவுகளைச் சேர்த்தால் தனியாக ஒரு அகராதி போடலாம். ஒருமுறை மறுமுனையில், "நல்லா இருக்காருங்க, மாடியில தூங்கறார்" என்று பதில் வந்தது. அன்று முழுவதும் தேதியம்மாவின் முகம் தொங்கிப்போய்க் கிடந்ததாக அலுவலகத்தில் இன்றுவரை கிண்டல் செய்வார்கள்.

அவளுடைய பிரிவில் ஒரு விதி உண்டு. எந்தச் சாவுக்கும் இரண்டு சான்று வேண்டும், இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். "ஒரு சான்று வதந்தி, ரெண்டு சான்றுதான் சாவு" என்பாள் தேதியம்மா. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியையே காட்டுவாள். எத்தனை பெரிய மனிதர் சொன்னாலும், குடும்பத்தார் கண்ணீர் விட்டுச் சொன்னாலும், அந்த இரண்டாவது காகிதம் வரும்வரை அவள் மசியமாட்டாள். இருபத்தைந்து ஆண்டில் ஆயிரக்கணக்கான சாவுகளுக்கு இரண்டு சான்று கேட்டவள், ஒரே ஒரு சாவுக்கு மட்டும் ஒரு சான்றுகூடக் கேட்கவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பெற்ற தாய் செத்துப்போனாள் என்று வளர்த்தவர்கள் சொன்னால், எந்தப் பிள்ளை அதற்குச் சான்று கேட்கும்?

தேதியம்மாவின் அம்மா ஒரு புத்தகம் போட்டிருந்தாள். காகிதம் மடிக்கும் புத்தகம். கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல் ஒரு சதுரத் தாளில் ஐம்பது உருவங்கள், படிப்படியாக, எல்லாப் படங்களும் அம்மாவே வரைந்தவை. படத்துக்குக் கீழே உள்ள எழுத்தும் அவள் கையெழுத்தேதான். அச்சகத்தில் அதை அப்படியே உலோகத் தகட்டில் பிளாக் எடுத்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் இரண்டு கைகள் மட்டும் தெரியும், முகம் கிடையாது. பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும் மூன்றாவதாக ஒரு குட்டிக் கை வந்து தாளின் மூலையை அமுக்கிக்கொண்டிருக்கும். அது உன் கைதான் என்று அத்தை சொல்லியிருக்கிறாள். அம்மாவின் புகைப்படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. தேதியம்மாவுக்கு அம்மா என்றால் அந்த இரண்டு கைகள்தான்.

அம்மா காய்ச்சலில் போனபோது அவளுக்கு மூன்று வயது என்று அப்பா சொன்னார். அப்பாவும் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. வளர்த்தது அப்பாவின் தங்கை. தேதியம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அத்தையும் அவளும் ஒரே வீட்டில், ஒருவர் குறட்டையைப் பற்றி மற்றவர் புகார் சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். புத்தகத்தின் ஐம்பது உருவங்களில் நாற்பத்தொன்பதைத் தேதியம்மா பத்து வயதுக்குள்ளேயே மடித்துப் பழகிவிட்டாள். நாற்பத்து நான்காம் பக்கத்து ஆமை மட்டும் வரவே வராது. ஆறாவது படிவரை ஒழுங்காகப் போகும். ஏழாவது படத்தைப் பார்த்தால் தாள் வேறு எப்படியோ இருக்கும். நூறு முறை, இருநூறு முறை, கசங்கிக் கிழிந்து அழுகையில்தான் முடியும். "அது உங்கம்மா கைக்குத்தான் வரும், விட்டுடு" என்பாள் அத்தை.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே தேதியம்மா அந்தப் புத்தகத்துக்கான நூலகப் பதிவு அட்டையை எடுத்து, ஆசிரியர் பெயருக்கு எதிரே இறந்த ஆண்டை எழுதினாள். சான்று என்ற இடத்தில் 'குடும்பம்' என்று போட்டாள். புதியவள் என்பதால் யாரும் கேட்கவில்லை, பிறகு அவளே மேலதிகாரியாகிவிட்டதால் கேட்க ஆளில்லை. அன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் நூலகம் ஒரு பட்டியல் வெளியிடும். அந்த ஆண்டு பொதுவாகிற புத்தகங்கள் எல்லாம் அதில் இருக்கும். விடுதலைப் பட்டியல் என்று அதற்குப் பெயர். வருகிற ஜனவரியோடு அம்மாவுக்கு ஐம்பது ஆண்டு முடிகிறது. பக்கங்களை ஸ்கேன் செய்து, அழுக்கு நீக்கித் தயாராக வைத்திருந்தாள். குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றும் மூன்று பள்ளிக்கூடங்களும் அச்சடித்துக்கொள்ளக் காத்திருந்தன. அம்மாவின் கைகள் இனி எல்லோர் வீட்டுக்கும் போகும் என்பதை நினைக்கும்போதெல்லாம் பன்னிரண்டாம் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வாள்.

ஆனால் சொந்தக்காரர் புத்தகத்துக்குத் தானே கையெழுத்துப் போடக் கூடாது என்பது இன்னொரு விதி. அதனால் அம்மாவின் கோப்பு பூதக்கண்ணாடியிடம் போனது. பூதக்கண்ணாடி அவளைவிடப் பத்து வயது இளையவன், பக்கத்து மேஜைக்காரன். டீ கிளாஸைக் குடிப்பதற்கு முன்னால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற ரகம். வேலையில் அவளே வளர்த்துவிட்ட பிடிவாதம் அது.

அன்று வீட்டில், "அம்மா புத்தகத்தை இப்போ ஆபீஸ்ல வேற ஒருத்தர் சரிபார்க்கிறார், அத்தை" என்றாள் தேதியம்மா.

அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எதைச் சரிபார்க்கணும்?"

"இறந்த வருஷத்தைத்தான். ரெண்டு சான்று வேணுமில்ல."

"நீதான் சொல்லிட்டியே. அது போதாதா?"

"எனக்கே நான் சலுகை குடுத்துக்க முடியுமா?"

அத்தை மடித்த துணியையே உதறி மறுபடி மடித்தாள். அன்று சாப்பாட்டுத் தட்டில் கை வைத்துவிட்டு எழுந்துபோனாள். பல்வலியாக இருக்கும் என்று தேதியம்மா நினைத்துக்கொண்டாள். ஊரார் வீட்டுச் சாவுகளையெல்லாம் மோப்பம் பிடித்தவளுக்கு, கண்ணெதிரே இருந்தது தெரியவில்லை.

நான்கு நாள் கழித்துப் பூதக்கண்ணாடி அவள் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"அக்கா, அந்த வருஷத்து மரணப் பதிவுல உங்க அம்மா பேரு இல்லை."

"முன்னாடி பின்னாடி பாரு. அந்தக் காலத்துல தாமதமாத்தான் பதிவு பண்ணுவாங்க."

"பத்து வருஷம் பார்த்துட்டேன்."

"அப்ப அப்பா பதிவே பண்ணியிருக்க மாட்டார். ஆஸ்பத்திரி ஏட்டைக் கேளு."

"அதையும் கேட்டாச்சு." பூதக்கண்ணாடி நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டான். "புத்தகத்தைப் பத்தி வந்த எல்லாக் கடிதத்தையும் பார்க்கணும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. அதனால ஆவிக் கட்டையும் எடுத்துப் பார்த்தேன்."

ஆவிக் கட்டு என்பது அலுவலக வேடிக்கைகளில் ஒன்று. செத்துப்போன எழுத்தாளர் நான்தான், என் உரிமையைக் கொடு என்று எழுதுகிறவர்களின் கடிதங்களை அதில் கட்டி வைப்பார்கள். அதில் ஒருவர் தன் வயது நூற்று நாற்பது என்று கூச்சமே இல்லாமல் எழுதியிருந்தார். மழைநாட்களில் அதை எடுத்து உரக்கப் படித்துச் சிரிப்பார்கள். இப்போது பூதக்கண்ணாடி அந்தக் கட்டிலிருந்து மூன்று தாள்களை எடுத்து அவள் முன்னால் வைத்தான். அவன் சிரிக்கவில்லை.

பார்த்ததும் தேதியம்மாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டு முன்பு. நூலகப் பட்டியல் முதன்முதலாக எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏறியிருந்த சமயம். அம்மாவின் பெயரிலேயே ஒரு பெண் எழுதியிருந்தாள்.

"ஐயா, உங்கள் பட்டியலில் என் பெயருக்கு எதிரே இறந்த ஆண்டு போட்டிருப்பதாகப் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் காட்டினாள். நான் இன்னும் இருக்கிறேன். பணம் எதுவும் எனக்கு வேண்டாம். அந்தப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளட்டும். பெயருக்கு எதிரே உள்ள ஆண்டை மட்டும் எடுத்துவிட முடியுமா?"

அன்று தேதியம்மாவுக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு பாட்டுக்காரரின் பெயரில் ஒரு மோசடிக்காரன் வந்து அவளை அலைக்கழித்திருந்தான். இப்போது தன் தாயின் பெயரிலேயே ஒருத்தி. அந்தக் கோபத்தில் எழுத்தைக் கூர்ந்து பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. இப்படிப்பட்ட கடிதங்களுக்கு அச்சடித்த ஒரு பதில் உண்டு. இரண்டு சான்று அனுப்பவும் என்று மரியாதையாகக் கேட்கிற பதில். அதை அனுப்பியிருந்தாலே போதும். இரண்டு சான்று வந்திருக்கும். இருபத்தைந்து ஆண்டில் அந்த ஒரே ஒருமுறை அவள் வழக்கத்தை மீறிக் கைப்பட எழுதினாள். அதன் நகல்தான் இரண்டாவது தாள்.

"தாங்கள் குறிப்பிடும் ஆசிரியர் என் தாய். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவர் இறந்தார். இறந்துபோன ஒருவருடைய பெயரில் எழுதத் தங்களுக்கு வெட்கமாக இல்லையா? இனி இந்த அலுவலகத்துக்குக் கடிதம் போட வேண்டாம்." கீழே முழுப் பெயரும் கையெழுத்தும்.

"அக்கா, மூணாவதையும் படிச்சிடுங்க" என்றான் பூதக்கண்ணாடி.

மூன்றாவது கடிதம் வந்தபோது அவள் முதல் இரண்டு வரிகளைத்தான் படித்தாள். பதிவு சரியென்று ஒப்புக்கொண்டுவிட்டாள், சனியன் ஒழிந்தது என்று உறையோடு ஆவிக் கட்டுக்குள் செருகிவிட்டாள். இப்போதுதான் முழுவதும் படித்தாள்.

"மதிப்பிற்குரிய அதிகாரிக்கு, தங்கள் கடிதம் கிடைத்தது. பதிவேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். மகளே சொன்ன பிறகு வேறு சான்று தேவையில்லை. தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கவும். நாற்பத்து நான்காம் பக்கத்து ஆமை யாருக்கும் வந்திருக்காது. அது அச்சகத்தின் தவறு இல்லை. ஒரு படியை நான் வரையாமல் விட்டுவிட்டேன். அப்போது குழந்தை அழுதது, எழுந்து போனேன், பிறகு மறந்துவிட்டேன். இத்துடன் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்த்தால் வழி தெரியும்."

இந்தக் கடிதத்தில் கையெழுத்து இல்லை. தன் பெயரைப் போட அந்தப் பெண்ணுக்கு இனி உரிமை இல்லை என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. ஓரத்தில், பெறப்பட்ட நாளுக்குப் பக்கத்தில், ஒரு முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது. 'பதில் தேவையில்லை.' அதன் மேல் தேதியம்மாவின் சுருக்கொப்பம்.

பூதக்கண்ணாடி அந்தக் கடிதத்தின் உறையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினான். நீலத் தாளில் மடித்த ஓர் ஆமை மேஜைமேல் விழுந்தது. பன்னிரண்டு ஆண்டு கட்டுக்குள் நசுங்கித் தட்டையாகிவிட்டது. ஆனால் நாலு காலும், தலையும், வாலும் சரியாக இருந்தன. எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. அந்த ஆமையை மடிக்க உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"உறையில முகவரி இருக்கு அக்கா. ஒரு போன் நம்பரும் தேடி எடுத்திருக்கேன். நான் பேசட்டுமா?"

"வேண்டாம். இது என் வேலை" என்றாள் தேதியம்மா. அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. முகவரி பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரத் தூரம். அவள் மனதுக்குள் அதற்குள்ளாகவே பஸ் ஏறிவிட்டாள். அறுபத்து மூன்று வயதில் கடிதம் எழுதியிருக்கிறாள், இப்போது எழுபத்தைந்துதானே இருக்கும், அதெல்லாம் ஒரு வயதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே எண்களை அழுத்தினாள். ஆயிரம் முறை செத்துப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போன் செய்தவள், முதல்முறையாக, மாடியில தூங்கறாங்க என்ற பதில் வர வேண்டுமென்று ஏங்கினாள்.

எடுத்தது வீட்டுக்காரப் பெண்மணி. "அவங்களா? அவங்க தவறி ஏழு வருஷம் ஆச்சே. நீங்க யாரு?"

தேதியம்மாவின் வாயில் வந்தது பழகிப்போன வாக்கியம்தான். "நூலகத்துலேருந்து பேசறேன்."

"நூலகமா? அவங்க பொண்ணுகூட நூலகத்துலதான் பெரிய உத்தியோகத்துல இருக்குன்னு சொல்லுவாங்க. நாங்க யாரும் பார்த்ததில்ல. தனியாளு, கூட இருந்தவரும் முன்னாடியே போயிட்டார். பிள்ளை குட்டி இல்லாதவங்க மனசு ஆறுதலுக்குச் சொல்றாங்கன்னு விட்டுட்டோம். தெருக் குழந்தைங்களுக்கெல்லாம் காகிதத்துல ஏதாவது செஞ்சு குடுத்துட்டே இருப்பாங்க, பாவம். அந்தப் பொண்ணை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் தேதியம்மா. போனை வைத்துவிட்டாள். ஏழு ஆண்டு முன்பு வரை இருந்திருக்கிறாள். அந்தக் கடிதத்துக்குப் பிறகும் ஐந்து ஆண்டு. ஐந்து ஆண்டு என்றால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பூதக்கண்ணாடி எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அவள் கத்தவில்லை. நீல ஆமையை அத்தையின் மடியில் வைத்தாள், அவ்வளவுதான். அத்தை அதைத் தொடவில்லை. தேள் விழுந்ததுபோல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டாள்.

"எப்போ தெரிஞ்சுது?" என்று அத்தைதான் கேட்டாள்.

"இன்னிக்கு. ஏழு வருஷம் முன்னாடி செத்துட்டா."

அத்தையின் வாய் கோணிக்கொண்டு போனது. வெகுநேரம் அழுதாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினாள். "அந்தப் புத்தகத்துக்கு பிளாக் செஞ்சானே, அவன்கூடப் போயிட்டா. உங்கப்பா லேசுப்பட்ட ஆள் இல்ல, அவளும் எவ்வளவுதான் தாங்குவா. உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் மூணு தடவை வாசல்ல வந்து நின்னா. அண்ணன் கதவைத் திறக்க விடல. அப்புறம் குழந்தை கேட்டா செத்துட்டான்னு சொல்லிடு, அப்பதான் தேடாதுன்னார். அவர் ஒரு தடவைதான் சொன்னார். தினம் தினம் சொன்னது நான்தான்."

"அப்பா போனப்புறமாவது சொல்லியிருக்கலாமே, அத்தை."

"சொன்னா நீ அவகிட்ட போயிடுவேன்னு பயந்தேன்" என்றாள் அத்தை. "எனக்கு மட்டும் வேற யாரு இருக்கா?"

திட்டியிருக்கலாம், திட்ட நியாயமும் இருந்தது. ஆனால் பொய் சொன்னவள் அத்தை என்றால், அந்தப் பொய்யை அம்மாவுக்கே எழுதி அனுப்பியவள் தான்தானே என்று தேதியம்மாவுக்குத் தோன்றியது. அத்தை வீட்டுக்குள் சொன்னதை அவள் முத்திரை குத்திப் பதிவு செய்தாள். வாசலில் நின்றபோது திறக்காத கதவை, நாற்பது ஆண்டு கழித்து அவளே மறுபடி சாத்தினாள். ஆமையை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, விளக்கைக்கூடப் போடாமல் தன் அறையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளும் அவள் வேலைக்குப் போனாள். விடுதலைப் பட்டியல் அச்சுக்குப் போக ஒரு வாரம்தான் இருந்தது. பட்டியலின் முதல் வரியில் இருந்த புத்தகத்தைத் தன் கையாலேயே அடித்து நீக்கினாள். வீட்டுக்காரப் பெண்மணி சொன்ன ஆண்டு அந்த ஊர் மரணப் பதிவிலும் இருப்பதைப் பூதக்கண்ணாடி காலையிலேயே பார்த்து வைத்திருந்தான். அம்மா இறந்து ஐம்பது ஆண்டு ஆகவில்லை, ஏழுதான் ஆகிறது. இன்னும் நாற்பத்து மூன்று ஆண்டு அந்தப் புத்தகம் யாருக்கும் பொது இல்லை. அதுவரை தேதியம்மா இருக்கப்போவதில்லை.

"வாரிசு விட்டுக்கொடுத்தா இப்பவே பொதுவாக்கலாம், அக்கா" என்றான் பூதக்கண்ணாடி. "வேற பிள்ளை இல்லைன்னு விசாரிச்சுட்டேன். உரிமை உங்களோடதுதான்."

இந்த வேலையில் எத்தனையோ வாரிசுகளிடம் எத்தனையோ முறை நீட்டிய படிவம்தான். பேனாவை எடுத்தாள். உரிமையாளர் பெயர். முகவரி. ஆசிரியருக்கும் உரிமையாளருக்கும் உள்ள உறவு. அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஒரு பொய்க் கோரிக்கைக்காரியைப் போலச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு 'மகள்' என்று எழுதினாள்.

"உறவுக்கும் ரெண்டு சான்று வேணும்" என்றாள், அவனை முந்திக்கொண்டு. "பிறப்புப் பதிவு ஒண்ணு இருக்கு. ரெண்டாவதுக்கு என்கிட்ட எதுவும் இல்ல. அத்தை சொன்னா செல்லாது. நானே சொல்லிக்கிட்டாலும் செல்லாது."

பூதக்கண்ணாடி மூன்றாவது கடிதத்தை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்து, ஒரு வரிக்குக் கீழே விரலை வைத்தான். 'மகளே சொன்ன பிறகு வேறு சான்று தேவையில்லை.'

"உங்களை மகள்னு ஆசிரியரே எழுதியிருக்காங்க. இதைவிடப் பெரிய சான்றை இந்தப் பிரிவுல நான் பார்த்ததில்ல, அக்கா."

தேதியம்மா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வசவு வாங்கிக்கொண்ட பெண், வசவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், அதற்குள்ளிருந்து அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். பெரிய உத்தியோகம் என்று தெருவில் பெருமை பேசியிருக்கிறாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் படிவத்தைத் தள்ளினாள். கடிதம் இனி கோப்பை விட்டு வெளியே வராது என்பது அவளுக்குத் தெரியும். அந்த விதியைப் போட்டவளே அவள்தான்.

"ஆமை?" என்று கேட்டாள். "அது இணைப்பு. அதுவும் கோப்புலதானே இருக்கணும்."

பூதக்கண்ணாடி இணைப்புப் பட்டியலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "நான் எழுத விட்டுட்டேன் போலிருக்கு" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் எதையும் எழுத விட்டதாக அலுவலகத்தில் சரித்திரமே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். புத்தகம் வெளியாகும்போது நாற்பத்து நான்காம் பக்கத்தில் அந்த விட்டுப்போன படியைச் சேர்க்க வேண்டும். அதற்கு ஆமையைப் பிரித்தாக வேண்டும். அம்மாவின் கை கடைசியாக அமுக்கிய மடிப்புகள் அவை, அவளுக்கென்றே அமுக்கியவை. பிரிக்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, பிரிக்கத்தானே சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நகம் படாமல் ஒவ்வொரு மடிப்பாக எடுத்தாள்.

உள்ளே ஏதாவது எழுதியிருக்கும் என்று ஒரு நப்பாசை. ஒன்றும் இல்லை. நீலப் பக்கமும் வெறுமை, வெள்ளைப் பக்கமும் வெறுமை. கோடுகள் மட்டும்தான். அந்தக் கோடுகளைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே வந்தபோது விஷயம் பிடிபட்டது. ஆறாவது படிக்குப் பிறகு தாளைத் திருப்பிப் போட வேண்டும். அவ்வளவே. அது தெரியாமல்தான் ஒரு குழந்தை இருநூறு தாளைக் கிழித்தது. அந்த இடத்தில்தான் அம்மா பேனாவை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறாள், தொட்டிலில் அழுத குழந்தையைத் தூக்க.

அலமாரியிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்து மடித்தாள். ஆறு படி. திருப்பினாள். ஏழு, எட்டு, ஒன்பது. கடைசியில் வாலை இழுத்துவிட்டதும் ஆமை நாலு காலில் மேஜைமேல் நின்றது, சற்றுக் கோணலாக, ஆனால் ஆமைதான். ஐம்பது ஆண்டில் முதல்முறையாக வந்துவிட்டது. வந்த வேகத்தில் அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள். உள்ளே அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். தேதியம்மா அந்த ஆமையைத் தூக்கிப் பிடித்தபடி, காட்டுவதற்கு ஆள் இல்லாமல், வெகுநேரம் அந்த அறையின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தாள்.